இடப்பக்க ஸ்டீயரிங்

காளீஸ்வரன் வைத்திருந்த இம்பாலா காரில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. அவர் மனைவி பாலாமணிக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் கிடைத்த ஒரே அதிகாரம் அதனால் வந்ததுதான்.

அருப்புக்கோட்டையில் கொத்தமல்லி, மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவருக்கு அமெரிக்கக் கார் எதற்கு என்று கேட்காத ஆள் கிடையாது. தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி அதிகாரி ஒருவர் ஊரைக் காலி செய்தபோது விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரண்டு கை மாறி, எழுபத்தைந்தில் காளீஸ்வரனிடம் வந்தது. இளம்பச்சை உடம்பு, வெள்ளைக் கூரை, பின்பக்கம் இரண்டு பெரிய ரெக்கை. முன் பம்பர் முழுக்கக் குரோமியம். கதவுகளுக்கு நடுவில் தூண் இல்லை. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன் கதவிலிருந்து பின் கதவு வரைக்கும் ஒரே திறப்புதான். உள்ளே இருக்கிறவர்கள் என்ன சேலை, என்ன செருப்பு என்று தெருவில் நிற்கிறவர்கள் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம். வண்டியின் நீளமோ கொஞ்ச நஞ்சமில்லை. தெற்குத் தெருவில் அது திரும்பி முடிப்பதற்குள் ஒரு பீடியைக் குடித்து முடித்துவிடலாம் என்பார்கள்.

ஆனால் இடது ஓரமாக ஓட்ட வேண்டிய நம் ஊர் சாலையில் ஸ்டீயரிங்கும் இடது ஓரத்தில் இருந்தால் வம்புதான். முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால்கூட அதற்கு அப்பால் என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் "போலாம்" என்றால் போகலாம். "இருங்க" என்றால் இருக்க வேண்டும்.

முதலில் கடைக் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்துப் பார்த்தார் காளீஸ்வரன். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டிக் கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடுத்து அண்ணன் ராமசுப்பு. அவர் "போலாம்போல இருக்கே" என்று இழுப்பார். இழுத்து முடிப்பதற்குள் எதிரே லாரி வந்துவிடும். வேறு வழியில்லாமல்தான் ஒருநாள் பாலாமணியை உட்கார வைத்தார்.

பந்தல்குடி தாண்டித் தூத்துக்குடி சாலை. முன்னால் உப்பு லாரிகள் மூன்று. பாலாமணி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு பஸ் வந்தது. அது இங்கே வந்து சேர எவ்வளவு நேரமாகும், நாம் மூன்று லாரியைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்பது யாரும் சொல்லித் தராமலே அவளுக்குத் தெரிந்தது. "போலாம்" என்றாள். காளீஸ்வரன் மிதித்தார். மூன்று லாரியும் வரிசையாகப் பின்னால் போயின. தன் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய வண்டி பாய்ந்துபோனதை நினைத்து அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதிலிருந்து பதினொரு வருஷம். அவள் இல்லாமல் வண்டி டவுனைத் தாண்டியதில்லை. மற்ற வண்டிகளில் ஓட்டுகிறவர் உட்காருகிற பக்கம் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில், அந்தம்மா ஸ்டீயரிங்கே பிடிக்காமல் ஓட்டுகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு ஊரில் சிலர் கும்பிடக்கூடச் செய்தார்கள். கமிஷன் கடைக்காரர்கள், "அண்ணாச்சி வண்டி பெட்ரோல்ல ஓடல, வீட்டம்மா சொல்லுல ஓடுது" என்று கேலி செய்வார்கள். காளீஸ்வரன் சிரித்துக்கொள்வார். சாலையில் அவள் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று அவருக்குத் தெரியும்.

வண்டியை விட்டு இறங்கிவிட்டால் கதை வேறு. காளீஸ்வரன் கெட்ட மனிதர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, தீபாவளிக்குக் கேட்காமலே பட்டுச்சேலை எடுப்பார். ஆனால் வீட்டுக்குள் பாலாமணி ஏதாவது பேச வாயைத் திறந்தால், பாதியிலேயே வெட்டிவிடுவார். "ஒனக்கென்ன தெரியும், சும்மா இரு." கோபமாகக்கூடச் சொல்லமாட்டார். ஈயை விரட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். நிலம் வாங்கியது, மாடி எடுத்தது, ஒரே மகள் சங்கரியைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியது எல்லாம் அவரும் ராமசுப்பு அண்ணனும் முடிவு செய்தவை.

எண்பத்தாறாம் வருஷம் சித்திரையில் சங்கரிக்கு மாப்பிள்ளை வந்ததும் அப்படித்தான். நரிக்குடியில் அரிசி மில் வைத்திருக்கிற குடும்பம். பையன் பெயர் பொன்ராஜ். ராமசுப்பு பார்த்துக்கொண்டு வந்த இடம். பெண் பார்க்க வந்த அன்று பொன்ராஜ் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் இம்பாலாவை மூன்று தடவை சுற்றி வந்தான். பம்பரில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டான். அதுகூடப் போகட்டும், வயசுப் பையன். பட்டாசாலையில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில் அவன் அம்மா, "இந்த வருசம் மல்லி வெல ஏறும்போல இருக்கே" என்று பொதுவாகச் சொன்னாள். பொன்ராஜ் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஒனக்கென்ன தெரியும், சும்மா இரும்மா" என்றான். அந்த அம்மாள் சட்டென்று முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அந்த வருஷம் மல்லி விலை ஏறத்தான் செய்தது. ஆனால் அதை யாரும் போய் அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கப் போவதில்லை.

காபித் தட்டோடு நின்ற சங்கரி அதைக் கேட்டாள். எல்லோரும் போன பிறகு அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"யம்மா, அவரு நம்ம அப்பா மாதிரியே பேசுறாருல்ல?"

சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தாள். அழவில்லை. அன்றைக்கு ராத்திரி பாலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் மூன்று தடவை கணவரிடம் பேசிப் பார்த்தாள். முதல் தடவை "அந்தப் பையன்" என்றாள். இரண்டாம் தடவை "சங்கரிகிட்ட ஒரு வார்த்த" என்றாள். மூன்றாம் தடவை "என்னங்க" என்பதோடு சரி. மூன்றுக்கும் ஒரே பதில்தான். என்ன பதில் என்று சொல்ல வேண்டியதில்லை.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை உறுதிவார்த்தை என்று முடிவானது. பெண் வீட்டார் தட்டு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தட்டு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஆண்டவனே வந்தாலும் மாற்றமாட்டார்கள். நல்ல நேரம் பத்தரைக்குள். அதற்கு மேல் ராகு காலம். வழியில் தடைபட்டு நேரம் தப்பிவிட்டால், இது சாமிக்குப் பிடிக்காத சம்பந்தம் என்று இரண்டு வீட்டாரும் சத்தமில்லாமல் விலகிக்கொள்வார்கள். அதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

ராமசுப்புவும் சொந்தக்காரர்களும் காலை முதல் பஸ்ஸிலேயே நரிக்குடிக்குப் போய்விட்டார்கள். தட்டைப் பெற்றவர்கள் கையால் கொடுக்க வேண்டும் என்பதால் காளீஸ்வரனும் பாலாமணியும் மட்டும் ஒன்பதரைக்கு இம்பாலாவில் கிளம்பினார்கள். பின் சீட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ வைத்த வெள்ளித்தட்டு. வண்டி குலுங்கும்போதெல்லாம் தேங்காய் உருண்டு தட்டில் இடித்தது.

பாளையம்பட்டியைத் தாண்டியதும் ஒரு டவுன் பஸ். "போலாமா?" என்றார் காளீஸ்வரன். பாலாமணி எட்டிப் பார்த்து, "போலாம்" என்றாள். அப்புறம் கரிமூட்டை லாரி. "போலாம்." அப்புறம் ஆட்டு மந்தை. "இருங்க… இப்பப் போலாம்." இரண்டு பக்கமும் வெயில் காய்ந்த கரிசல், வேலிக்கருவேல், மறுபடியும் கரிசல். திருச்சுழி கோபுரம் தெரிந்தபோது மணி பத்து.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் சொல்கிற ஒவ்வொரு "போலாம்"க்கும் சங்கரி நரிக்குடிப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறாள். பெற்றவள் வாயே பிள்ளையைக் கொண்டுபோய்த் தள்ளிக்கொண்டிருக்கிறது.

திருச்சுழியை விட்டு வெளியே வந்ததும், பருத்திமார் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. செங்கல் காளவாசலுக்குப் போகிற லோடு. காய்ந்த பருத்திச் செடிகளை டிரெய்லருக்கு வெளியே இரண்டு பக்கமும் பிதுங்கும்படி அடுக்கியிருந்தார்கள். பாதிச் சாலை அதற்கே போய்விட்டது. மாட்டு நடைக்கு மேல் அது போகிற மாதிரித் தெரியவில்லை.

"போலாமா?" என்றார் காளீஸ்வரன்.

பாலாமணி எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் சாலை காலியாகக் கிடந்தது. ஒரு காக்கை மட்டும் நடுச்சாலையில் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

"இருங்க. லாரி வருது."

சொன்ன பிறகுதான் சொன்னது தான்தான் என்று அவளுக்கே தெரிந்தது. காளீஸ்வரன் மறு பேச்சில்லாமல் வேகத்தைக் குறைத்தார்.

கொஞ்ச நேரம் போனது. "இப்ப?"

"வளைவு வருது. இருங்க."

"நேர் ரோடுதான இது?"

"வளைவு இருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டிராக்டர்காரன் வலது கையை வெளியே நீட்டி, முந்திப் போ என்று ஆட்டினான். அந்தக் கை பாலாமணிக்கு மட்டும்தான் தெரிந்தது. பார்க்காத மாதிரி மடியைப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப?"

"பஸ்ஸு வருது."

"அந்த லாரி எங்க? தாண்டிப் போகலியே?"

பாலாமணி பொய் சொல்லிப் பழகாதவள். "ஓரங்கட்டி நின்னுருச்சு" என்றாள்.

"சரி" என்றார் காளீஸ்வரன்.

அந்த "சரி"தான் அவளைக் கொன்றது. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மனிதர் வீட்டில் உப்பு, புளி விஷயத்தில்கூடத் தன் பேச்சைக் கேட்டதில்லை. இங்கே, அப்பட்டமான பொய்யைச் சொல்கிறாள், நம்பிக்கொண்டு டிராக்டருக்குப் பின்னாலேயே போகிறார். பதினொரு வருஷமாகச் சேர்த்து வைத்த ஒரே சொத்து இந்த நம்பிக்கை. அதை வழிநெடுக இறைத்துக்கொண்டு போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இதற்கப்புறம் இந்தச் சீட்டில் உட்காருகிற தகுதிகூடத் தனக்கு இருக்காது. போனால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மணி பத்து இருவது, பாலா. இப்பவாச்சும்?"

"இருங்க. மாடு குறுக்க போகுது."

பத்தரை ஆனது. காளீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். பத்தே முக்காலுக்கு டிராக்டரே நின்றுவிட்டது. காளவாசலுக்குப் பிரிகிற மண்பாதை ஓரத்தில் அதை நிறுத்திவிட்டு, டிரைவர் இறங்கி ஓடி வந்தான். வேர்த்து ஊற்றியது. அவன் பெயர் செல்லப்பாண்டி என்று பிற்பாடு தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி? பருத்திமாருல தீ கீ புடிச்சிருச்சா? அதச் சொல்லத்தான் பின்னாடியே வாரீகளோன்னு எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு."

"தீயெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நீ வழி விட்டாத்தான போறதுக்கு?"

"நான் விடலயா? எட்டுத் தடவ கையக் காட்டிட்டேன். அக்காதான் பாத்துக்கிட்டே இருக்காக. ரோடு காலியாத்தான கெடந்துச்சு, ஒரு சைக்கிள்கூட வரலயே!"

செல்லப்பாண்டி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இது நம் வேலை இல்லை என்று புரிந்துகொண்டு, லோடைச் சுற்றிக் கயிறு சரிபார்க்கப் போய்விட்டான். நல்ல மனுஷன்.

காளீஸ்வரன் என்ஜினை அணைத்தார். நாலு கண்ணாடியும் இறக்கியிருந்த வண்டிக்குள் அனல்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போனது.

"லாரி?" என்றார்.

"வரல."

"பஸ்ஸு?"

"வரல."

"மாடுமா இல்ல?"

"காக்கா ஒண்ணு இருந்துச்சு."

அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. "அங்க அம்புட்டுச் சனமும் காத்துக்கிட்டு இருக்கு. என்னைய என்னன்னு நெனைப்பாக? இந்தச் சம்பந்தம் ஒனக்குப் புடிக்கலன்னா வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவ வாயத் தொறந்தேன். வீட்ல நீங்க எங்க கேக்குறீக? இந்த வண்டிக்குள்ளதான கேக்குறீக."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு வாக்கியத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் யாரும் வெட்டாமல் சொல்லி முடித்திருக்கிறாள்.

காளீஸ்வரன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சங்கரி என்ன சொன்னா?" என்றார்.

"அந்தப் பையன் அவுக அம்மாவ, ஒனக்கென்ன தெரியும், சும்மா இருன்னு சொன்னான்ல. அத அவ கேட்டா. அவரு நம்ம அப்பா மாதிரியே பேசுறாருன்னு சொன்னா."

அவர் முகத்தில் முதலில் லேசாக ஒரு பெருமைகூட வந்தது. "நல்லதுதான, அப்பன் மாதிரி…" என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். தன்னை யாரும் வெட்டாமலே அவர் பேச்சு நின்றுபோனது அன்றைக்குத்தான்.

"நீங்க கெட்டவுக இல்ல" என்றாள் பாலாமணி. "எனக்கு ஒரு கொறையும் வச்சதில்ல. அந்தப் பேச்சு எனக்குப் பழகிப்போச்சு. எம்மகளுக்கு அது பழக வேணாம்ங்க."

அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. காளீஸ்வரன் பின் சீட்டில் இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார். மல்லிகைப்பூ வெயிலில் வாடத் தொடங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கழுத்து வேர்வையைத் துடைப்பது போல முகத்தையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

"திருச்சுழிக்குப் போயி, மில்லுக்குப் போனப் போட்டு அண்ணங்கிட்டச் சொல்லிருவோம்" என்றார். "வண்டி மக்கர் பண்ணிருச்சு, நேரம் தப்பிப்போச்சுன்னு."

"பொய்யா?"

"நீ மட்டும் சொல்லலாமோ?"

அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கடைசியில் அவருக்கும் கொஞ்சம் வந்தது.

திரும்ப வேண்டும் என்றாலும் லேசில் திரும்புகிற வண்டியா அது? சாலை அகலம் போதாது, இரண்டு பக்கமும் ஓடைப்பள்ளம். காளவாசல் மண்பாதைக்குள் மூக்கை நுழைத்துவிட்டு, அங்கிருந்து பின்பக்கமாகச் சாலைக்கு எடுத்துத்தான் திருப்ப முடியும். டிராக்டரோ அந்தப் பாதை முனையிலேயே நிற்கிறது. பருத்திமார் லோடு ஒரு பக்கத்தை முழுக்க மறைத்துக்கொண்டிருந்தது. காளீஸ்வரன் எப்படித் திரும்பிப் பார்த்தாலும் நரிக்குடிப் பக்கமிருந்து எது வருகிறது என்று தெரியாது.

காளீஸ்வரன் என்ஜினைக் கிளப்பி, மூக்கை உள்ளே நுழைத்து நிறுத்தியதும், பாலாமணி பட்டுச்சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நடுச்சாலைக்குப் போய் நின்றாள். லோடில் சாய்ந்தபடி செல்லப்பாண்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வேணா பாக்கட்டுமா அண்ணாச்சி?" என்று அவன் கேட்டான்.

"வேணாம்ப்பா" என்றார் காளீஸ்வரன். கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "பாலா, வரலாமா?" என்று கத்தினார்.

பாலாமணி இரண்டு பக்கமும் பார்த்தாள். நரிக்குடிப் பக்கம், கானல் ஆடுகிற இடத்தில், சிவப்பாக ஒன்று தெரிந்தது.

"இருங்க! பஸ்ஸு வருது!"

அதே வார்த்தையை இதே வாயால் சற்று முன்னால்தான் பொய்யாகச் சொல்லியாகிவிட்டது. இனி இதை எந்த மனிதர் நம்புவார்? வண்டி எந்த நிமிஷமும் பின்னால் நகரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் ஆனது. பஸ் வந்தபாடில்லை, வழியில் யாரையோ ஏற்றிக்கொண்டு நின்றது. இரண்டு நிமிஷம் ஆனது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. பிரேக்கை மிதித்தபடி, கதவில் முழங்கையை வைத்துக்கொண்டு, காளீஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.